கம்பியில் மாட்டிய மஞ்சள் தாள்

எங்கள் சமூக நல அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடு என்றார்கள். கொடுத்தேன். 'கவனக்குறைவு' என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிக் கீழே கையெழுத்தும் போட்டேன். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற சமாசாரமா அது? என் கை செய்த காரியத்தை முழுசாகச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

வீடு வீடாகப் போவதுதான் எங்கள் வேலை. சிப்புலுகூசு குடியிருப்பில் என் பங்குக்கு நாற்பத்தொரு வீடு. எந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எந்த வீட்டில் மருந்து தீர்ந்துபோச்சு, எந்த வீட்டில் அடி விழுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். போகிற வீட்டில் எல்லாம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்று தாள், நடுவில் கார்பன். வெள்ளை அலுவலகத்துக்கு, ரோஸ் மாவட்டத்துக்கு, மஞ்சள் அந்த வீட்டுக்கே. மஞ்சளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வராவிட்டால் நாங்கள் போனதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த மகராசன் கண்டுபிடித்த சட்டமோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பி தொங்கும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடச் சீட்டு, சர்ச் அட்டை எல்லாம் அதில்தான் குத்தி வைப்பார்கள். எங்கள் மஞ்சளும் அதில் போய்ச் சேரும். பன்னிரண்டு வருஷமாகக் கிழித்து, குத்தி, கிழித்து, குத்தி, என் கைக்கு அது தன்பாட்டுக்கு வரும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து காலையில் எழுதிய தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். காலையில் போய்வந்த அஸ்ட்ரிதா வீட்டுத் தாள் வந்தது. வெள்ளை இருந்தது. ரோஸ் இருந்தது. மஞ்சள் இல்லை.

பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். மேசைக்குக் கீழே பார்த்தேன். சும்மா பார்த்தேன், அவ்வளவுதான். மஞ்சள் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். அஸ்ட்ரிதா வீட்டுக் கதவுக்குப் பின்னால், கம்பியில்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தேன் என்று கேளுங்கள். 'நாளைக் காலை ஏழு மணிக்குக் கணவர் வேலைக்குக் கிளம்பியதும் தாயும் மூன்று பிள்ளைகளும் வெளியேறுவார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வண்டி நிற்கும். பாதுகாப்பு இல்லத்தில் இடம் சொல்லியாயிற்று.' அதற்குக் கீழே மூத்த பெண் ம்ப்புண்டு சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். பதினைந்து வயதுப் பெண். 'போன மாசம் அப்பா எங்க படுக்கை மேல மண்ணெண்ணெய் ஊத்திட்டு, தீப்பெட்டியைக் கையில வச்சிக்கிட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தாரு. இந்த வீட்டை விட்டு யாராச்சும் போனா எல்லாரும் சேந்தே போவோம்னாரு.'

அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. ம்ப்புண்டுவைப் பெற்றவன் செத்துப்போனான். லாக்சன் அஸ்ட்ரிதாவின் இரண்டாம் புருஷன். நாலு வயது கபாசோவும் கைக்குழந்தையும் அவனுக்குப் பிறந்தவை. மரக்கடையில் ஸ்டோர் கீப்பர், சர்ச்சில் செயலாளர். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் அவனைத் தெருவில் பார்க்க முடியாது. குரலை உயர்த்தவே மாட்டான். போன மழைக்காலத்தில் அஸ்ட்ரிதாவின் மணிக்கட்டை முறித்தபோதும் அவனேதான் தோளில் கை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனேதான் சொன்னான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் வந்ததும் கம்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த காகிதம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பான். அதற்கப்புறம்தான் கை கழுவிச் சாப்பிட உட்காருவான். அஸ்ட்ரிதாவுக்கு எழுத்து தெரியாது.

இப்படிப்பட்ட சேதியை வீட்டில் வைத்துப் படிவத்தில் எழுதக் கூடாது, அலுவலகத்தில் வந்துதான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? புதுசாக வருகிறவர்களுக்கு நானேதான் பாடம் நடத்துகிறேன். ஆனால் அஸ்ட்ரிதாவின் கைநாட்டு இல்லாமல் இல்லத்தில் சேர்க்க மாட்டார்கள். அவளை அலுவலகம் வரைக்கும் வரவழைக்க வழியில்லை. அதனால் அங்கேயே எழுதி, அங்கேயே கைநாட்டும் வாங்கினேன். மஞ்சளையும் சேர்த்துப் பைக்குள் வைக்கப் போகும்போது பக்கத்து வீட்டுச் சோலாவின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன கலுபாம்மா, இந்த வீட்டுக்கு மட்டும் மஞ்சக் கடுதாசி கிடையாதா? எங்களுக்கெல்லாம் மாட்டிட்டுத்தானே போவீங்க?" என்றாள்.

சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று சிரித்தேன். என் கை கிழித்தது, குத்தியது. அவள் கிளம்பினதும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அவள் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டாள். நானும் வந்துவிட்டேன். பாவி, வந்தே விட்டேன்.

லாக்சன் வீடு வருவது நாலரைக்கு. அஸ்ட்ரிதாவின் போனை அவன் எப்போதோ பிடுங்கி வைத்துவிட்டான். மேற்பார்வையாளர் முசொண்டா அடுத்த அறையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "குடையை ஒரு வீட்டுல மறந்து வச்சிட்டேன் சார், போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். பன்னிரண்டு வருஷ வேலை போய்விடுமே என்ற பயம். வெட்கம் வேறு. இதை அந்த ஒரு பக்கத்தில் நான் எழுதவில்லை.

மினிபஸ் குடியிருப்புக்கு வெளியே இறக்கிவிட்டது. ஓட்டமும் நடையுமாக உள்ளே போனேன். மார்க்கெட்டைத் தாண்டும்போது எதிரே சவ லாரி வந்தது. பெண்கள் பின்னால் நின்று பாடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரில் சாவு கடக்கும்போது நின்றுகொண்டிருக்கக் கூடாது. சாலையின் இரண்டு பக்கமும் எல்லோரும் குந்தினார்கள், நானும் குந்தினேன். சீக்கிரம் போ தாயே, சீக்கிரம் போ என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தேன். லாரி நகர்ந்தது. எதிர்ப் பக்கத்தில் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு லாக்சன் குந்தியிருந்தான்.

மணி மூன்றரை கூட ஆகவில்லை. அவன் பக்கத்தில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்று இருந்தது.

எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக என்னிடம் வந்தான். "கலுபாம்மா! மழை மேகம் கட்டியிருக்கு, எங்க இந்தப் பக்கம்?"

பொய் சொல்ல வழியில்லை. அந்தச் சாலையில் நான் போகிற வீடுகள் இரண்டே இரண்டு. "உங்க வீட்டுக்குத்தாங்க" என்றேன்.

"காலையிலயும் வந்தீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"நம்ம தெருவுல ஒருத்தர் சொல்லணுமா? தெருவே சொல்லுமே" என்று சிரித்தான். "வாங்க, சேந்தே போவோம்."

என் பையை வாங்கி ஒரு தோளில் மாட்டிக்கொண்டான். இன்னொரு கையில் கேன். மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வாரமாக மின்சாரம் வந்த பாடில்லை, ஆளாளுக்குக் கையில் கேன்தான். விளக்குக்காக இருக்கும், விளக்குக்காகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கேனையாவது குடுங்க, நான் பிடிச்சிக்கிறேன்."

"வேண்டாம்மா. மேல பட்டா வாடை போகாது."

கேனைக் கை மாற்றிக்கொண்டான். பிறகு, "காலையில வந்தவங்க திரும்பவும் வர்றீங்கன்னா ஏதோ முக்கியமான விஷயம்தான்" என்றான்.

"ஒரு தப்பு பண்ணிட்டேங்க. தேதியை மாத்தி எழுதிட்டேன். அந்தத் தாளை எடுத்துட்டு வேற எழுதிக் குடுத்துட்டா என் வேலை முடிஞ்சிரும்."

"தப்பு யாருக்கும் வரும். எழுதற கைதானே" என்றான்.

வீட்டு வாசலில் அஸ்ட்ரிதா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பாள். உள்ளே ம்ப்புண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கபாசோ அவள் முதுகில் குதிரை ஏறிக்கொண்டிருந்தான்.

உள்ளே நுழைந்த உடனே கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கம்பி இருந்தது. மஞ்சள் இல்லை.

ம்ப்புண்டு எடுத்திருக்கிறாள். படிக்கத் தெரிந்த பெண், பார்த்திருப்பாள், அடுப்பில் போட்டிருப்பாள். என் சாமி! அவள் கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன், அவள் நிமிரவே இல்லை.

லாக்சன் நாற்காலியில் உட்கார்ந்து, கேனைக் காலடியில் வைத்து, கம்பியைக் கழற்றினான். ஒவ்வொரு காகிதமாகத் தள்ளினான். "தடுப்பூசி. பள்ளிக்கூடம். சர்ச்." முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்க மாட்டினது எங்கம்மா? காணோமே."

"ஐயோ, என் மறதியைப் பாருங்க! காலையிலயே கையோட எடுத்துட்டுப் போயிட்டேன் போல. இப்பவே புதுசு எழுதிடறேன்."

"எழுதுங்க. நான் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். குழந்தைகள் நலம். கொசுவலை உண்டு. மூத்த பெண் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். "கடைசியா ஒண்ணு போடுங்க. இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை." அதையும் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. அஸ்ட்ரிதாவைக் கூப்பிட்டு, அவள் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்தினான். பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படித்தான். மஞ்சளைத் தானே கிழித்தான். கம்பியில் குத்தவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அந்தப் பையில் ஏற்கெனவே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

தாள் அவன் கையில் சிக்காவிட்டாலும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நாளைக்கு என்பது கிடையாது, இன்றைக்கே, இப்போதே இவர்களை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். எப்படி?

எங்கள் ஊரில் வந்தவர்களைத் தனியாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பாதி வழியாவது கூட வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அது இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கே அசிங்கம்.

எழுந்து, இடுப்புத் துணியை உதறி, கோபித்துக்கொண்டவள் மாதிரி சொன்னேன். "நான் கிளம்பறேன்பா. காலையிலயும் என்னை யாரும் வழியனுப்பல. சோலாம்மாதான் வந்து விட்டா. இந்த வீட்டுல எனக்கு அவ்வளவுதான் மரியாதை."

"அடடா" என்றான் லாக்சன். "அஸ்ட்ரிதா, இது என்ன பழக்கம்? போ, அம்மாவை பஸ் வரைக்கும் விட்டுட்டு வா. ம்ப்புண்டு, நீயும் போ."

"வாடா கபாசோ" என்று நான் கையை நீட்டினேன்.

"அவன் இருக்கட்டும்" என்றான். பையனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான். "எனக்கும் ஒரு துணை வேணுமில்ல."

தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்தோம். திரும்பினதும் ம்ப்புண்டுவின் கையைப் பிடித்தேன். "நல்ல காரியம் பண்ணினே கண்ணு. தாளை எரிச்சிட்டியா?"

"எந்தத் தாளை?"

"காலையில நான் மாட்டினேனே. மஞ்சத் தாள்."

"அதை நீங்கதானே எடுத்துட்டுப் போனதா இப்பச் சொன்னீங்க?" அவள் என்னையே பார்த்தாள். "பெரியம்மா, அப்பா மத்தியானமே ஒருதரம் வந்தாரு. கதவுக்குப் பின்னால கொஞ்ச நேரம் நின்னாரு. தண்ணி கூடக் குடிக்காம திரும்பிப் போயிட்டாரு."

சட்டைப் பை. கேன். எழுதற கைதானே.

என்னோடு நடந்து வந்தானே, என் பையைச் சுமந்துகொண்டு வந்தானே, அவ்வளவு நேரமும் என் தாள் அவன் நெஞ்சில்தான் இருந்திருக்கிறது. அஸ்ட்ரிதாவுக்கும் புரிந்துவிட்டது. திரும்பி ஓடப் பார்த்தாள். இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"விடுக்கா! எம் புள்ள உள்ள இருக்கான்!"

"நீ போனா என்ன ஆகும்? எல்லாரும் உள்ள வந்துட்டீங்கன்னா அவன் நினைச்சது நடந்துரும்டி! நீங்க வெளியில இருக்கற வரைக்கும்தான் அவன் காத்திருப்பான். நில்லு. இங்கயே நில்லு. என் வாயால வந்த வினை இல்ல, என் கையால வந்தது. நான் போறேன்."

போனேன். நானா போனேன்? கால்தான் போச்சு. போலீஸ் என்றால் அரை மணி நேரம், அதுவும் அவர்கள் வண்டிக்கு டீசல் இருந்தால். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலில் துணி தொங்கியது. மண்ணெண்ணெய் வாடை வாசல் வரைக்கும் வந்தது. உள்ளே கபாசோ ஏதோ கேட்டான், லாக்சன் அமைதியாகப் பதில் சொன்னான். தட்டினால் என்ன செய்வான்? கத்தினால் என்ன செய்வான்? கதவை உடைக்க வந்தால் அவன் குச்சியைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்போதுதான் அந்தச் சவ லாரி நினைவுக்கு வந்தது.

சாகாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வீட்டுக்குச் சாவைக் கூப்பிட்டதாக அர்த்தம். என் ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஒருத்தி செய்து நான் கேட்டதில்லை. தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். வாசல் மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

எங்கள் ஊரில் அந்தக் குரல் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். முழங்கால் வலி சோலாவின் அம்மாதான் முதலில் வந்தாள். வந்ததும் என் பக்கத்தில் விழுந்து என்னோடு அழ ஆரம்பித்தாள், யாருக்கு என்றே தெரியாமல். ஐந்து பேர், பத்து பேர், முப்பது பேர். வாசல் நிறைந்து தெரு நிறைந்தது. சர்ச்சுப் பெண்கள் பாட்டெடுத்தார்கள். "கதவைத் திறங்கப்பா! சாவு வீட்டுல கதவைச் சாத்துவாங்களா?" என்று ஒரு கிழவர் அதட்டினார்.

லாக்சன் எல்லாம் செய்வான், தெரு பார்க்க மரியாதை கெட்டு நிற்க மாட்டான். அதை நம்பித்தான் உட்கார்ந்தேன். நம்பினேன் என்பதும் பொய். அழுதேன், அவ்வளவுதான்.

தாழ் விலகியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வாசலில் நின்றான். "எதுக்குங்க அழறீங்க? இங்க யாரும் சாகலையே" என்றான், அதே மெதுவான குரலில். அவன் வலது கை மூடியிருந்தது.

பெண்கள் காதில் வாங்கவே இல்லை. சாவு வீட்டுக்குள் போகிற மாதிரியே அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். போன வேகத்தில் பாட்டு நின்றது. வாடை அவர்களை அறைந்திருக்கும். யாரோ "தீப்பெட்டிடீ!" என்று அலறினார்கள். மரக்கடை ஆட்கள் இரண்டு பேர் அவன் கையை முறுக்கிப் பிடித்தார்கள். சோலாவின் அம்மா கபாசோவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் தலைமுடி ஒட்டிக்கிடந்தது. சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வாங்கி மார்பில் அணைத்தேன். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, என் தலைத்துணியால் துடைத்தேன். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். தெருக்கோடியிலிருந்து அஸ்ட்ரிதா முதுகில் குழந்தையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"பெரியம்மா, யாரு செத்துப் போனா?" என்று கேட்டான்.

"யாரும் இல்லடா ராசா. யாரும் இல்ல" என்றேன். சொல்லிவிட்டு ஒப்பாரியை நிறுத்தப் பார்த்தேன். அது நிற்கவில்லை.